புண்ணுற்றோர் பக்கத்தில்

(மருத்துவக் கல்லூரி மாணவர் மன்றம் ஒன்றின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நோயைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ உங்கள் முன்னிலையில் பேச நான் வரவில்லை. தமிழ் படித்து, தமிழ் சொல்லிக் கொடுத்து, ஓய்வு பெற்றவன் நான். ஆயினும், நீங்கள் பணியாற்றும் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே இரவென்றும் பகலென்றும் பாராமல் உட்கார்ந்திருக்கும் ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசுவதற்குத் தமிழ் படித்தவனுக்கு உரிமை உண்டென்று கருதுகிறேன். ஏனெனில், குற்றுயிராய்க் கிடக்கும் ஒருவனைச் சுற்றத்தார் விழித்திருந்து காக்கும் காரியத்தைத் தனித் துறையாகவே வகுத்து, அதற்கு இலக்கணமும் செய்யுளும் செய்து வைத்திருக்கும் பாஷை நம்முடையது.

தொல்காப்பியப் புறத்திணையியலில், நிலையாமையைச் சொல்லும் காஞ்சித் திணையின் துறைகளுள் ஒன்றாகத் தொடாக் காஞ்சி வருகிறது. போர்க்களத்தில் புண்பட்டு வந்த கணவனைப் பேய் நெருங்கித் தீண்டிவிடாதபடி மனைவி அருகிருந்து காப்பது அத்துறையின் பொருள். வெற்றியையும் கொடையையும் போலவே இந்தக் காவலும் பாடத்தக்க பொருளென்று கொண்டவர்களுடைய உள்ளத்தை நாம் சற்று நின்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் 1894-ஆம் ஆண்டில் பதிப்பித்து நமக்கு அளித்த புறநானூற்றில், அரிசில் கிழார் பாடிய 281-ஆம் பாட்டு இந்தக் காட்சியை நம் கண்முன் நிறுத்துகிறது. வேந்தனுக்கு வந்த இடுக்கணைத் தன் உடம்பில் தாங்கிப் பெரும்புண் பட்டுக் கிடக்கிறான் ஒருவன். அவனைக் காப்போம், வா என்று ஒருத்தி தன் தோழியை அழைக்கிறாள். இரவ மரத்தின் தழையையும் வேப்பந் தழையையும் வீட்டிலே செருகுகிறார்கள். யாழோடு பல வாத்தியங்களை ஒலிக்கச் செய்கிறார்கள். மெல்லக் கையெடுத்து மை இழுகுகிறார்கள். ஐயவி என்னும் வெண்சிறுகடுகைத் தூவுகிறார்கள். ஆம்பற்குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண்ணைப் பாடி, மனை முழுவதும் நறும்புகை எடுக்கிறார்கள். வேப்பிலைக்குக் கிருமியைக் கொல்லும் குணம் உண்டு, ஆகவே நம் முன்னோர் அன்றே விஞ்ஞானம் கண்டார்கள் என்று நிலைநாட்டப் புகுவது என் நோக்கமன்று; அந்த வழியில் போனால் பாட்டையும் இழப்போம், விஞ்ஞானத்தையும் இழப்போம். என் மனத்தைப் பற்றிக்கொண்டு விடாத விஷயம் வேறு. அந்த வீட்டில் சும்மா இருந்த கை ஒன்றுமில்லை. மரணம் வாசலில் நிற்கும் வேளையில், ஒருவர் தழை ஒடிக்க, ஒருவர் புகையெடுக்க, ஒருவர் பண் இசைக்க, காவல் என்பது செயலாகவே இருந்திருக்கிறது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1950-ஆம் ஆண்டில் டாக்டர் பா. ராமமூர்த்தி அவர்கள் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மூளை நரம்பு அறுவைச் சிகிச்சையைத் தொடங்கி வைத்த காலத்தில், சாலையில் மண்டை உடைந்து விழுந்தவர்களுள் பலர் ஆஸ்பத்திரி வாசலைக் காணாமலே மாண்டு போயினர். இன்று 108 என்ற எண்ணை அழைத்தால் வண்டி வருகிறது. 2021-ஆம் ஆண்டு டிசம்பர் முதல், விபத்து நேர்ந்த பின் வரும் முதல் 48 மணி நேரத்துச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் திட்டமும் நடைபெறுகிறது. இவையெல்லாம் போற்றத்தக்க காரியங்கள். இவற்றால் விளைந்த ஒரு நிலையை மட்டும் நாம் இன்னும் சிரத்தையோடு கவனிக்கவில்லை. சாலையோரத்தில் சில நிமிஷங்களில் முடிந்துவிட்ட சாவு, இப்பொழுது நாட்கணக்கான, சில சமயம் மாதக்கணக்கான நிச்சயமின்மையாக நீண்டு, அந்த நிச்சயமின்மையின் பாரம் முழுவதும் வராந்தாவில் பாய் விரித்திருக்கும் சுற்றத்தாரின் தலைமேல் இறங்கியிருக்கிறது.

அந்த வராந்தாவை நீங்கள் தினமும் கடந்து போகிறீர்கள். சுவரோரமாக ஒயர்கூடைகள், அவற்றில் ஃபிளாஸ்க், மாற்றுச் சேலை, ஸ்கேன் படம் வைத்த பெரிய உறை. தூணுக்குத் தூண் கட்டிய கயிற்றில் உலரும் துண்டு. செல்பேசிக்குச் சார்ஜ் ஏற்றும் ஒற்றைப் பிளக்கைச் சுற்றி வெவ்வேறு ஊர்க்காரர்கள். கதவு திறந்து, "மூணாம் நம்பர் பெட் அட்டெண்டர் யாரும்மா?" என்று ஒரு குரல் கேட்டால், அழைக்கப்பட்டவர் மாத்திரம் எழுந்திருப்பதில்லை, எல்லோருமே எழுந்துவிடுகிறார்கள். மருந்துச் சீட்டு வருகிறதா, கையெழுத்துக்குத் தாள் வருகிறதா, அல்லது வேறு செய்தி வருகிறதா என்று தெரியாத அந்த ஒரு கணத்தில் அத்தனை முகங்களும் ஒரே முகமாகிவிடுகின்றன.

இங்கே ஒன்றை நான் மனம் திறந்து சொல்ல வேண்டும். தொடாக் காஞ்சியில் சுற்றத்தார் காப்பவர்கள், தீண்டக்கூடாதது பேய். தீவிர சிகிச்சைப் பிரிவிலும் தீண்டக்கூடாத பொருள் ஒன்று உண்டு, அது கிருமி. ஆனால் அந்தக் கிருமியைச் சுமந்து வருபவர்கள் என்று எண்ணப்பட்டு, பழைய ஏற்பாட்டில் காவலாயிருந்த சுற்றம், புதிய ஏற்பாட்டில் விலக்கப்பட வேண்டிய ஆபத்தாக மாறிக் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறது. கிருமியைப் பற்றிய அச்சம் பொய்யென்று நான் சொல்லவில்லை. வென்டிலேட்டர் பூட்டியவருக்கு நுரையீரலில் சீழ் பிடித்தால் என்னாகும் என்பதை நீங்கள் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் பிரேசில் நாட்டில் 36 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடத்தி 2019-இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சி ஒன்று, உறவினரை நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை உடனிருக்க விட்டுப் பார்த்தது. கிருமித் தொற்று அதனால் மிகவில்லை. நோயாளியின் சித்தப் பிரமை குறையும் என்று எதிர்பார்த்தார்கள், அது குறையவில்லை. உறவினருடைய பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. ஆகவே, கால்மணி நேரம் மட்டும் கதவைத் திறந்து மூடும் வழக்கத்துக்குக் கிருமியைக் காரணமாகக் காட்டுவது இனிமேல் எளிதாயிராது. இடநெருக்கடியும் ஆட்குறைவும் காரணமென்றால், அதை அப்படியே சொல்லி, அதற்குப் பரிகாரம் தேடுவதே நேர்மை.

தீவிர சிகிச்சை என்னும் ஏற்பாடு பிறந்த கதையையும் இந்த இடத்தில் நினைவூட்ட விரும்புகிறேன். 1952-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பெருவாரியாகப் பரவிற்று. பிளெக்டாம் மருத்துவமனைக்கு வந்து குவிந்த நோயாளிகளுள் பலருக்கு மூச்சுத் தசைகளே செயலற்றுப் போயின. அவர்களுக்காக அங்கே இருந்தவை இரும்பு நுரையீரல் எந்திரம் ஒன்றும், மார்பைக் கவ்வும் சிறு எந்திரங்கள் ஆறுமே. முதலில் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் மாண்டனர். தலைமை வைத்தியராயிருந்த லாஸன், மயக்க மருந்து நிபுணரான பியோர்ன் இப்ஸனை வரவழைத்தார். தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர்ப் பை ஒன்றைக் கையால் அமுக்கி அமுக்கி நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தலாம் என்று இப்ஸன் காட்டினார். வழி கிடைத்தது, அமுக்குவதற்குக் கை வேண்டுமே! ஏறத்தாழ 1500 மாணவர்கள், உங்களைப் போன்ற மருத்துவ மாணவர்கள், முறை வைத்துக்கொண்டு வந்து, இரவும் பகலும் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பையை அமுக்கினார்கள். ஒரே சமயத்தில் 70 நோயாளிகள் வரை இவ்வாறு மனிதக் கையினாலேயே மூச்சு விட்டுக்கொண்டிருந்த நாட்கள் உண்டு. குழந்தைகளுக்குக் கதை படித்துக் காட்டியபடியே பையை அமுக்கியவர்கள் உண்டு. தாம் அமுக்கிக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழந்தை கண்மூடிப் போனதைப் பார்த்துவிட்டு, மறுநாளும் முறைக்கு வந்தவர்கள் உண்டு. அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே நகரத்தின் வேறொரு மருத்துவமனையில் இப்ஸன் அமைத்த கூடத்தையே உலகின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவென்று வைத்திய சரித்திரம் கொண்டாடுகிறது.

பிறகு கையின் இடத்திற்கு எந்திரம் வந்தது. அது களைப்படையாது, தூங்காது, ஆகையால் வந்தது நன்மையே. ஆனால் பையை அமுக்கிய கையோடு கூடவே படுக்கைப் பக்கத்தில் இருந்த முகமும் போய்விட்டது. அந்த முகத்தைத் திரும்பக் கொண்டுவந்து உட்கார வைப்பதற்கு விஞ்ஞானத்தில் தடை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

என் குடும்பத்தில் நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். என் தம்பியின் மகன், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, மோட்டார் சைக்கிளில் போகும்போது லாரியில் மோதித் தலையில் அடிபட்டான். பிரக்ஞை திரும்பவில்லை. என் தம்பி மனைவி, காலையில் ஒரு தரமும் மாலையில் ஒரு தரமும் உள்ளே போய், படுக்கைக்கு ஒரு முழம் தள்ளி நின்று, கைகளைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, மகனை விட்டுவிட்டு மானிட்டரையே பார்த்துவிட்டு வருவாள். எதைத் தொட்டால் எது அறுந்து போகுமோ என்ற பயம் அவளுக்கு. ஒருநாள் மாலை, வயதில் மூத்த நர்ஸ் ஒருவர் அவளிடம் ஒரு சிறு கிண்ணத்தில் தேங்காயெண்ணெயும் கொஞ்சம் பஞ்சும் கொடுத்து, "குதிகாலு காஞ்சு கெடக்கு, நீங்களே போட்டு விடுங்கம்மா, அழுத்தித் தேய்க்காதீங்க, சும்மா தடவுனாப் போதும்" என்றார். அவள் குனிந்து, அந்தப் பாதத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள். அன்றிலிருந்து வராந்தாவில் அவளுடைய நடையே மாறிவிட்டது. மணி ஐந்தாகும் முன்பே கை கழுவி, தலையை அள்ளி முடித்துக்கொண்டு கதவருகில் போய் நிற்பாள். போவதற்கு ஒரு காரியம் இருந்தது. பையன் பிழைக்கவில்லை. ஆண்டுகள் கடந்த பின்னும் அந்த நாட்களைப் பற்றி அவள் பேசினால், வைத்தியர்கள் சொன்னதையோ செலவான பணத்தையோ பேசமாட்டாள். "புள்ள காலுக்கு நாந்தான் எண்ணெ தடவினேன்" என்பாள். துக்கத்தைத் தாங்குவதற்கு அவளுக்குக் கிடைத்த ஊன்றுகோல் அந்த ஒரு வாக்கியமே. அதை அவள் கையில் கொடுத்தவர், பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளாத அந்தச் சகோதரி.

பிரான்ஸ் தேசத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நோயாளிகளின் உறவினரை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்டபோது, மூன்றில் ஒரு பங்கினரிடம், பேரதிர்ச்சிக்குப் பின் மனத்தில் தங்கிவிடும் கலக்கத்தின் அறிகுறிகள் தொண்ணூறு நாட்களுக்குப் பிறகும் காணப்பட்டன. ஆகவே படுக்கையில் கிடப்பவர் ஒருவராயினும், அடிபட்டவர்கள் பலர்.

"பேசினால் அவனுக்குக் கேட்குமா?" என்று வராந்தாவில் கேட்காதவர் இல்லை. இதற்கு நாம் இத்தனை காலம் சொல்லி வந்த விடை சமாதானத்துக்காகச் சொன்னது. இப்பொழுது அதைவிட உறுதியான விடை கிடைத்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில், விபத்தில் மூளை அடிபட்டு, எதற்கும் அசையாமல் கிடந்த இளம்பெண் ஒருத்தியை, டென்னிஸ் ஆடுவதாக மனத்தில் நினைத்துக்கொள்ளும்படி சொல்லி ஸ்கேன் எடுத்தபோது, நல்ல நிலையிலுள்ளவருக்கு ஒளிரும் அதே மூளைப் பகுதி அவளுக்கும் ஒளிர்ந்தது. 2024-இல் வெளியான பெரிய ஆராய்ச்சியில், கட்டளைக்கு உடம்பால் எவ்வித பதிலும் தராத 241 பேரில் 60 பேருடைய மூளை, சொன்னதைக் கேட்டுச் செயற்பட முயன்றது தெரிய வந்தது. நான்கில் ஒருவர்! மற்ற மூவரிடம் அப்படியொரு அறிகுறி தென்படவில்லை என்பதும் உண்மையே. யார் அந்த ஒருவர் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது என்பதும் உண்மை. இந்த நிலையில், நால்வரிடமும் பேசுவதைத் தவிர வேறு நியாயம் என்ன இருக்கிறது? பேசும்போது அழுதுகொண்டே "கண்ணைத் திற, கண்ணைத் திற" என்று கெஞ்ச வேண்டாம். நீ இன்ன ஊரில், இன்ன ஆஸ்பத்திரியில் இருக்கிறாய், இன்று இன்ன கிழமை, தொண்டையில் குழாய் இருப்பதால்தான் பேச முடியவில்லை, மாட்டைத் தம்பி பார்த்துக்கொள்கிறான் என்று, வீட்டுத் திண்ணையில் பேசுவது போலப் பேச வேண்டும். படுக்கையருகில் நிற்கும் வைத்தியர்களும், அவர் காதில் விழலாம் என்ற நினைப்போடு வார்த்தையை அளந்து பேச வேண்டும்.

வராந்தாவில் இன்னொரு பாஷையும் புழங்குகிறது. 1974-இல் கிளாஸ்கோ நகரத்தின் டீஸ்டேலும் ஜென்னட்டும் வகுத்த அளவுமுறை அது: கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, ஆக 15, மிகவும் தாழ்ந்த நிலை 3. ரவுண்ட்ஸ் போகும்போது உங்கள் வாயிலிருந்து தவறி விழும் அந்த எண்ணை இவர்கள் பொறுக்கிக்கொண்டு, "நேத்து ஆறு, இன்னிக்கு ஏழாம்" என்று பரீட்சை மார்க்கைப் போலச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். மறுநாள் மயக்க மருந்தின் காரணமாக எண் இறங்கினால் சோறு இறங்காமல் கிடக்கிறார்கள். எண்ணைச் சொல்வதானால் அதன் பொருளையும் சேர்த்துச் சொல்லுங்கள். தினமும் ஒரு குறித்த வேளையில், அவர்களை உட்கார வைத்து, நீங்களும் உட்கார்ந்து, கூடுமானவரை ஒரே வைத்தியராகச் சொல்லுங்கள். நான்சி மோல்ட்டர் என்னும் அமெரிக்கச் செவிலியர், தீவிர சிகிச்சை பெற்றவர்களின் உறவினர் நாற்பது பேரைக் கண்டு விசாரித்து 1979-இல் எழுதினார்: அவர்கள் எல்லாவற்றுக்கும் மேலாக வேண்டியது, நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது என்ற உணர்வு. நம்பிக்கை கொடுப்பதென்றால் பொய் சொல்வதென்று நினைத்து, பொய்க்கு அஞ்சி மௌனமாகிவிடும் வைத்தியர்களை நான் கண்டிருக்கிறேன். "பிழைப்பது அரிது, ஆனால் வலி தெரியாமல் பார்த்துக்கொள்கிறோம், உங்களை அழைக்காமல் எதுவும் செய்யமாட்டோம்" என்று சொன்னால், அதிலும் நம்புவதற்கு ஒன்று இருக்கிறது.

ஸ்காண்டிநேவிய நாடுகளில் செவிலியர் கண்டுபிடித்த ஒரு வழக்கம் என்னை மிகவும் கவர்ந்தது. படுக்கையருகில் ஒரு நோட்டுப் புத்தகம். செவிலியரும் உறவினரும் அதில் நோயாளியை நோக்கியே, நடந்ததை நாள்தோறும் எழுதி வைக்கிறார்கள். பிழைத்தெழுந்தவருக்கு அந்த நாட்கள் வெறும் இருளாகவோ, கட்டிப் போட்டுக் கொடுமை செய்தார்கள் என்ற பயங்கரக் கனவாகவோ நிற்கின்றன. அந்த நோட்டு அவருக்கு இழந்த நாட்களைத் திருப்பிக் கொடுக்கிறது. ஐரோப்பாவில் ஆறு நாடுகளில் நடந்து 2010-இல் வெளியான ஆராய்ச்சி இதனால் மனக்கலக்கம் குறைகிறதென்றது. 2019-இல் பிரான்சில் நடந்த ஆராய்ச்சியில் அப்படிப்பட்ட வேறுபாடு தெரியவில்லை. வேறுபாடு இல்லாவிட்டாலும் நான் அந்த நோட்டுக்காக வாதாடுவேன். ஐயவி தூவிய கைக்கு ஈடாக, வராந்தாவில் கிடக்கும் கைக்கு ஒரு பேனாவாவது கிடைக்கட்டும்.

காவல் பலிக்காத வேளையும் உண்டு. மூளை அடியோடு செயலற்றுப் போனதா என்று, 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வைத்தியர் குழு ஆறு மணி நேர இடைவெளி விட்டு இரண்டு முறை சோதிக்கிறது. வென்டிலேட்டர் ஏற்றும் மார்பு ஏறி இறங்க, உடம்பு கதகதப்பாக இருக்க, மகன் போய்விட்டான் என்று ஒரு தாய் ஒப்புக்கொள்ள வேண்டிய அந்த ஆறு மணி நேரத்தைவிடக் கொடிய காவல் எதுவுமில்லை. 2008-ஆம் ஆண்டில் திருக்கழுக்குன்றத்து வைத்தியத் தம்பதியர் தங்கள் சிறுவனை அந்நிலையில் இழந்து, அவனுடைய உறுப்புகளைப் பிறருக்கு ஈந்த செய்தி தமிழ்நாட்டையே உருக்கியது. அந்தத் தானத்தைக் கேட்கப் போகிறவர்கள், கேட்பதற்கு முன்னால், அந்த ஆறு மணி நேரமும் பெற்றோரைப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார வைத்திருந்தோமா என்று தங்களையே கேட்டுக்கொள்வது முறை.

கடைசியாக, நான் இங்கே வந்ததன் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். தொல்காப்பியர் அதே காஞ்சியில் இன்னொரு துறையும் வைத்திருக்கிறார். காப்பதற்குச் சுற்றம் இல்லாமல் புண்பட்டுக் கிடப்பவனைப் பேயே காத்து நிற்பது அது. பேய்ப் பக்கம் என்பர். நாதியற்றுக் கிடப்பவனையும் இலக்கணத்தில் விட்டுவிட மனம் வரவில்லை அந்தப் பெரியோருக்கு. உங்கள் மருத்துவமனையிலும் அப்படிப்பட்டவர் உண்டு. நெடுஞ்சாலையில் அடிபட்டு, சட்டைப் பையில் ஒரு சீட்டுமில்லாமல் வந்து, கேஸ் ஷீட்டில் பெயருக்கு நேரே 'அடையாளம் தெரியாதவர்' என்று எழுதப்பட்டவர். வடநாட்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்து, மொழி தெரிந்த ஒருவரும் பக்கத்தில் இல்லாமல் கிடப்பவர். மூன்றாம் நம்பர் அட்டெண்டர் என்று அழைத்தால் அவருக்காக வராந்தாவில் எழுந்து நிற்க ஆளில்லை.

கோபன்ஹேகன் மாணவர்கள் அமுக்கிய பையை நீங்கள் அமுக்க வேண்டியதில்லை, எந்திரம் இருக்கிறது. பக்கத்தில் உட்காருங்கள் என்று கேட்கிறேன். முறைக்கு ஒருவர், இரண்டு மணி நேரம். முழங்கை வரை கை கழுவிக்கொண்டு, சிஸ்டரிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்து, உங்கள் பெயரையும் அன்றைய கிழமையையும் அவருக்குச் சொல்லி, செய்தித்தாளைப் படித்துக் காட்டி, குதிகாலுக்கு எண்ணெய் வேண்டுமா என்று கேட்டுச் செய்து, எழுந்து வருமுன் நோட்டில் நான்கு வரி எழுதி வையுங்கள். இந்தி தெரிந்த மாணவர்கள் முக்கியமாக வேண்டும். கல்லூரி முதல்வர் அவர்களும் செவிலியர் கண்காணிப்பாளர் அவர்களும் இதற்கு இசைவு தந்திருக்கிறார்கள். முறைப் பட்டியல் வாசலருகில் மேஜை மீது இருக்கிறது. பின்னிரவு இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரையுள்ள முறைக்கு ஆள் அகப்படுவது கடினம் என்று சொன்னார்கள். வியாழக்கிழமைக்கு நான் பெயர் எழுதிவிட்டேன், மற்ற ஆறு கிழமைகளுக்கு ஆள் வேண்டும்.